ஹெல்பர் என்று சொல்லிவிட்டால்

சொல்லிவிடுவான், ஒழுங்காகச் சொல்லிவிடுவான், காலையில் இட்லியை விழுங்கும்போதுகூடச் சொன்னானே, பஸ்ஸில் நிற்கும்போது எமல்டா அவன் காதருகே எட்டி "நீங்க என்ன வேலை?" என்று கேட்டதற்கு, பக்கத்து சீட்டுப் பூக்காரம்மா திரும்பிப் பார்க்கிற அளவுக்கு எரிச்சலாக "ஹெல்பர், ஹெல்பர், போதுமா" என்றானே, அதே எரிச்சலோடு உள்ளேயும் சொல்லித் தொலைத்தால் போதும், எரிச்சலை யார் எழுதப் போகிறார்கள், வார்த்தையைத்தானே எழுதுவார்கள். லேபர் ஆபீஸ் வராந்தாவில் போட்டிருந்த பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை. எமல்டா அசைந்தால் புருஷன் சவரிராஜ் பக்கம் சாய்ந்தது, அவன் இருமினால் இவள் பக்கம் சாய்ந்தது. அரசாங்கத்துக்கு ஒரு அட்டையை மடித்து அந்தக் காலுக்கு அடியில் வைக்கத் துப்பில்லை, இவர்கள்தான் விரல் போனவனுக்கு நியாயம் சொல்லப் போகிறார்கள். பினாயில் வாசனை, அதற்கு அடியில் வேறொரு வாசனை, அதை மறைக்கத்தான் பினாயில். சவரி வலது கையைக் கைக்குட்டையால் சுற்றி, யாரோ "ஒரு நிமிஷம் பாத்துக்குங்க" என்று கொடுத்துவிட்டுப் போன குழந்தையைப் போல மடியில் வைத்திருந்தான். சுற்றாதீர்கள், அதிகாரி பார்க்க வேண்டும், பார்த்தால்தான் மனசு இளகும் என்று வக்கீல் சுகந்தி சொல்லியாகிவிட்டது, இவளும் இரண்டு தடவை அவிழ்த்தாகிவிட்டது, பேச்சு வாக்கில் இடது கை போய்த் திரும்பவும் சுற்றிவிடுகிறது. வெட்கம். திருடினவன் கையை மறைக்க மாட்டான், வேலை செய்தவன் மறைக்கிறான். வெளியே அவனை 'நீங்க' என்பாள், மனசுக்குள் எப்போதும் 'அவன்'தான், இந்த ஏற்பாடு கல்யாணத்தன்றே தொடங்கி இன்றுவரை பிசகில்லாமல் நடக்கிறது, இன்றைக்கு மட்டும் மனசுக்குள் இருப்பது வாயில் வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. டேய் சவரி, சொல்லிடுடா, ஒரே ஒரு வார்த்தைடா.

ஃபிட்டர் என்றால் கேஸ் படுத்துவிடும். ஹெல்பர் என்றால் எழுந்து நிற்கும். வக்கீல் சுகந்தி தன் ஆபீஸில், மேஜைமேல் கிடந்த டிபன் பாக்ஸை ஒதுக்கிவிட்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னாள். பைப்பையும் பைப்பையும் சேர்க்கிறவன் ஃபிட்டர், பக்கத்தில் நின்று அவன் சொன்னதைச் செய்கிறவன் ஹெல்பர். பைப் முனையிலிருக்கிற வட்டத் தகட்டில், பிளேஞ்ச் என்பார்கள், சுற்றிலும் போல்ட் ஓட்டைகள் இருக்கும். இரண்டு பிளேஞ்சும் முகத்தோடு முகம் வரும்போது ஓட்டைக்கு நேர் ஓட்டை நிற்கிறதா என்று பார்க்க, கூரான இரும்புக் கம்பியைத்தான் விட வேண்டும், விரலை விடக் கூடாது. கம்பெனி இதை வகுப்பு வைத்துச் சொல்லியிருக்கிறது. சவரியும் உட்கார்ந்து கேட்டுக் கையெழுத்தும் போட்டிருக்கிறான். "இப்ப நீங்க ஃபிட்டர்னு சொன்னா, எல்லாம் தெரிஞ்ச ஆளு, கூடாதுன்னு சொன்னத வேணும்னே செஞ்சீங்கன்னு அந்தப் பக்கத்து வக்கீல் அதையே புடிச்சுக்குவாரு. வேணும்னே மீறினாதான் சார் சட்டத்துல ஓட்டை. சும்மா கவனக்குறைவுன்னா காசு குடுத்துத்தான் ஆகணும். ஹெல்பர்னா, மேல இருக்கறவர் பாக்கச் சொன்னார், பாத்தேன். முடிஞ்சுது." சவரி அதற்கு, ரிஜிஸ்டர்ல என்னை ஹெல்பர்னு எழுதியிருக்காங்களா என்று மட்டும் கேட்டான். ஆமாம், காண்ட்ராக்டர் சம்பளத்தைக் குறைத்துக் காட்ட ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறான். "அவன் திருட்டுத்தனம் இப்ப நமக்கு உதவுது, வுடுங்க. கொஞ்சம் கம்மியா வரும். ஆனா வரும்." சவரி ஜன்னலைப் பார்த்தான். கைதட்டிக் கூப்பிட்டாலும் திரும்பாத பார்வை. "இத்தனை காலமா ஹெல்பர்னா எழுதிட்டு இருந்தான்?" அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டான், ஆட்டோவில் கேட்டான், வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது கேட்டான். மூன்று விரல் போனதற்கு அவன் அப்படி ஒருநாளும் முகம் கோணியதில்லை.

விரல் போன கதையை அவன் யாருக்கும் சொல்வதில்லை, எமல்டாதான் துண்டு துண்டாகப் பிடுங்கி ஒட்டவைத்துக்கொண்டாள். டேங்க் பக்கத்து லைன். பைப் செயின் பிளாக்கில், சங்கிலி இழுத்துத் தூக்குகிற கருவியில், தொங்குகிறது, கீழே நின்று சூப்பர்வைசர் கிருபாகரன் ஆச்சா ஆச்சா என்கிறான், அவனுக்கு மேலே ஒருவன் அவனை ஆச்சா என்றிருப்பான், ஆச்சா என்பதுதான் அங்கே ஏணி. கூர்க்கம்பி ஸ்டோரில் இருக்கிறது, ஸ்டோர் பூட்டியிருக்கிறது, சாவிக்காரன் சாப்பிடப் போயிருக்கிறான். அப்புறம் யார் காத்திருப்பார்கள்? எந்த சைட்டிலும் எந்த ஃபிட்டரும் காத்திருப்பதில்லை. கையுறையைக் கழற்றுவார்கள், கையுறை போட்டால் ஓட்டையின் விளிம்பு தெரியாது, வெறும் விரலை விட்டுத் தடவினால் ஒரு நூல் இடறினாலும் தெரிந்துவிடும், அப்புறம் மேலே இருப்பவனைப் பார்த்து, இம்மி தூக்கு, போதும், எறக்கு. சவரி அப்படித்தான் விட்டான். சங்கிலி ஒரே ஒரு பல் நழுவியது, இரண்டு முகத்துக்கும் நடுவில் மூன்று விரல். ஒரு பல், அவ்வளவே; எமல்டாவுக்கு அந்த ஒரு பல்தான் தூக்கத்தில் கேட்கும், கட்டிலுக்கு அடியில் எங்கோ க்ளக் என்று, அதற்கப்புறம் ஒன்றும் கேட்காது, அதுதான் பயம், ஒன்றும் கேட்காதது. வீட்டிலும் அவனுக்கு எல்லாம் விரல்தான். குழாய் மாட்டினால் உள்ளே விரல், ஜன்னல் கொக்கி சேரவில்லை என்றால் துளைக்குள் விரல், குக்கர் மூடிக்குள் விரல். கல்யாணமான புதுசில் ஒருநாள் அவள் மோவாயில் அம்மைத் தழும்பின் குழியில் ஆள்காட்டி விரலை வைத்துவிட்டு, தன் மோவாயைக் கொண்டுவந்து முட்டி, ஓட்டை சேரல, கொஞ்சம் எறக்கணும் என்றான். அறைந்துவிடலாம் போல இருந்தது, அறையவில்லை. இப்போது தூக்கத்தில் அந்தக் கை அவள் முகத்தருகே வரும், வந்து நிற்கும், தடவுவதற்கு ஒன்றும் இல்லாததால் திரும்பிப் போகும். அந்த விரல் அரிக்குது எமல்டா, அது இன்னும் ஓட்டைக்குள்ளதான் கெடக்கு, சில்லுனு இருக்கு. சாதாரணமாகச் சொல்லுவான், வெளியே மழை வரும் போல இருக்கிறது என்பது மாதிரி.

"அண்ணி, வந்து ரொம்ப நேரமாச்சா?"

கிருபாகரன். கழுத்துப் பட்டன் வரை போட்டுக்கொண்டு, கம்பெனி சாட்சியாக வந்திருக்கிறான். இவள் கையால் மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டுத் தட்டை வழித்தவன், கிறிஸ்துமஸ் கேக்கை வீட்டுக்கும் கட்டித் தரச் சொன்னவன். ஆஸ்பத்திரியில் முதல்நாள் வந்து நின்று, அண்ணி, வீட்ல பாத்ரூம்ல வழுக்கி கதவுல கை மாட்டிக்கிச்சுன்னு எழுதிக் குடுத்துடுங்க, காண்ட்ராக்டர் ஏதோ பாத்துப்பாரு என்று சொன்னதும் இவன்தான். எங்கள் பாத்ரூம் கதவில் விரல் அல்ல, வெள்ளரிக்காய்கூட நசுங்காது, வந்து பார்க்கிறாயா என்று கேட்டிருந்தாள். கண்ணீரோடு கேட்டதால் அதற்கு உறைப்பு குறைந்துவிட்டது, இன்றுவரை அதில் அவளுக்கு வருத்தம்.

"டீ சொல்லட்டா அண்ணி?"

"கம்பெனி டீயா, காண்ட்ராக்டர் டீயா? கேட்டுட்டு வாங்க. இது எங்க டீ இல்ல, அவங்க டீன்னு ரெண்டு பேரும் சொல்லிடப் போறாங்க."

"அண்ணி இன்னும் மாறல," என்று சவரியைப் பார்த்துச் சிரித்தான். பக்கத்தில் குந்தினாற்போல உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, "அண்ணே, நீங்க இல்லாம பம்ப் ஹவுஸ் லைன் ஒழுகுதுண்ணே. புதுசா ஒருத்தன் வந்திருக்கான், போல்ட்ட ஒரே பக்கமா வரிசையா முறுக்கிக்கினே போறான். எதிரும் புதிருமா போடணும்னுகூடத் தெரியல."

"எந்த ஜாயின்ட்?" என்றான் சவரி.

முதுகு நிமிர்ந்துவிட்டது. எமல்டா பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்தக் கோணல் பெஞ்சில் ஒருவன் எழுந்து உட்கார்ந்துவிட்டான், இத்தனை மாதமாகக் கட்டிலில் கிடந்தவன். கண்ணில் பழைய வெளிச்சம், அவள் எத்தனை மெழுகுவர்த்தி ஏற்றியும் வராதது. வால்வுக்கு முன்னாடியா பின்னாடியா, பிளேஞ்ச் முகத்துல பழைய கேஸ்கெட் ரப்பர் ஒட்டிக்கினு இருக்கும், மொதல்ல சொரண்டிப் பாத்தானா, என்று அவன் கேட்க, கைக்குட்டை சுற்றிய கை தானே எழுந்து காற்றில் ஒரு வட்டம் போட, கிருபாகரன் தலையாட்டித் தலையாட்டிக் கேட்க, இவன் தூண்டில் போடுகிறானா அல்லது உண்மையிலேயே ஒழுகுகிறதா, இரண்டும்தான், அவனுக்கு லைனும் ஒழுகுகிறது, சாட்சியும் சொல்ல வேண்டியிருக்கிறது, பாவி, இந்த நிமிர்ந்த முதுகோடு உள்ளே போனால் அதிகாரி கேட்க வேண்டியதே இல்லை, முதுகே சொல்லிவிடும்.

"அவருக்கு என்ன தெரியும், அவர் ஹெல்பர்தானே," என்றாள் எமல்டா, வராந்தாவுக்கே கேட்கிற மாதிரி.

கை காற்றில் நின்றது. கிருபாகரன் அவளைப் பார்த்தான், புரிந்துகொண்டான், புரிந்ததைக் காட்டிக்கொள்ளாமல் எழுந்து, டீ சொல்றேன் அண்ணி, என்று போனான். டீ வரவில்லை. சவரி கையை இறக்கி மடியில் வைத்து, கைக்குட்டையின் நுனியைத் தேடி, இடது கையால் மெதுவாகச் சுற்றினான். பெஞ்ச் இவள் பக்கம் சாய்ந்தது. திட்டியிருந்தால் பரவாயில்லை, ஏன்டி இப்படி மானத்த வாங்குற என்று ஒரு வார்த்தை, அவளும் இரண்டு கொடுத்திருப்பாள், கணக்கு நேராகியிருக்கும். அவன் சுவரில் ஒட்டியிருந்த குழந்தைத் தொழிலாளர் ஒழிப்புப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான், சிரிக்கிற பையன், சிலேட்டு. நான் சொன்னது உங்களுக்காகத்தானே. மனசுக்குள்ளும் 'நீங்க' வந்துவிட்டது, கவனித்தாள், கலவரமாக இருந்தது. உங்களுக்காகத்தானே, எனக்கா, நானா விரலை விட்டேன், நான் வீட்டில் உட்கார்ந்து பருப்பு கடைந்துகொண்டிருந்தேன், எனக்கு என்ன தலையெழுத்து ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்க. இ.எஸ்.ஐ. ஆபீஸுக்குப் போனால், கார்டே உயிரோடு இல்லை என்றார்கள், மாதாமாதம் பிடித்த பணத்தைக் காண்ட்ராக்டர் கட்டவே இல்லை, கார்டு செத்த தேதியைக்கூட கம்ப்யூட்டரில் காட்டினான் அந்தக் கண்ணாடிக்காரன், இரங்கல் சொல்லாததுதான் பாக்கி. பெரிய கம்பெனி வாசலுக்குப் போனால், அவர் எங்க ஆள் இல்லம்மா, காண்ட்ராக்ட் ஆள். காண்ட்ராக்டரிடம் போனால், அது கம்பெனிக்குள்ள நடந்தது, நான் என்ன பண்ண. சவரி யார் ஆள்தான், ஆகாயத்திலிருந்தா வந்து அந்த பைப்பில் கை வைத்தான். சுகந்திதான் சொன்னாள், யார் வைத்திருந்தாலும் கம்பெனிதான் முதலில் கட்ட வேண்டும், அப்புறம் அவர்கள் காண்ட்ராக்டரிடம் வாங்கிக்கொள்ளட்டும், அது அவர்கள் குடும்பச் சண்டை. இ.எஸ்.ஐ.யில் ஆள் இருந்திருந்தால் இந்த வழியில் வரவே முடியாது, கட்டாமல் விட்டதும் ஒருவிதத்தில் நல்லதாகப் போயிற்று என்றாள். இந்தக் கேஸில் எல்லோருடைய அயோக்கியத்தனமும் ஒருவிதத்தில் நல்லதாகவே போய்க்கொண்டிருந்தது. சட்டப் புத்தகத்தில் விரலுக்கு விரல் ஒரு பட்டியல் வைத்திருக்கிறான் வெள்ளைக்காரன், கட்டை விரலுக்கு இவ்வளவு, ஆள்காட்டிக்கு இவ்வளவு, ஒரு கணு போனால் ஒரு கணக்கு, முழுசாகப் போனால் ஒரு கணக்கு, கசாப்புக் கடையில்கூட இவ்வளவு சுத்தமாகக் கூறு போட மாட்டார்கள். மெடிக்கல் போர்டு டாக்டர் சவரி கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கட்டை விரல் தப்பிச்சிடுச்சே என்றார், அதை வருத்தமாகச் சொன்னாரா சந்தோஷமாகச் சொன்னாரா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

கான்வென்டில் சிஸ்டர் ஆக்னெட்டா ஞானோபதேசம் கேட்பாள், கேள்வி, பதில், கேள்வி, பதில், திக்கினால் விரல் முட்டியில் ஸ்கேல் விளிம்பு. பதில் புரிய வேண்டியதில்லை, வர வேண்டும், அவ்வளவுதான். அதே மாதிரித்தான் இரண்டு வாரமாக இவனுக்கு நடத்தினாள், ஸ்கேல் ஒன்றுதான் குறை, முட்டியும் குறை. நீங்க என்ன வேலை. ஹெல்பர். யாரு பாக்கச் சொன்னது. சூப்பர்வைசர். கம்பி ஏன் எடுக்கல. ஸ்டோர் பூட்டியிருந்தது. யாரு பாக்கச் சொன்னது என்ற இடத்தில்தான் ஒவ்வொரு தடவையும் சிக்கிக்கொள்வான். "ஃபிட்டருக்கு யாரு எமல்டா சொல்லுவாங்க? கிருபாவுக்கு ஓட்டைன்னா என்னன்னு தெரியுமா? நான்தான் பாத்தேன்." "நீங்க ஃபிட்டர் இல்ல." "சரி, இல்ல." "மறுபடி சொல்லுங்க, யாரு பாக்கச் சொன்னது?" "நான்தான்..." கரண்டியை விட்டெறிந்தாள் ஒருநாள், சுவரில் பட்டு விழுந்தது, அவன் எழுந்துபோய் எடுத்து, காம்பு வளைந்திருக்கிறதா என்று இடது கையால் தடவிப் பார்த்தான், நேராத்தான் இருக்கு என்றான். அப்பாவிடமும் இப்படித்தான், பெண் பார்க்க வந்த அன்று, போஸ்ட் ஆபீஸ் குமாஸ்தா அப்பா, பேங்க் மாப்பிள்ளைக்கு ஆசைப்பட்டவர், ஃபிட்டர்னா என்ன தம்பி, இந்த சைக்கிள் கடையில் இருப்பாங்களே அதுவா என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்வியா. திரைக்குப் பின்னால் எமல்டாவுக்குக் காது சுட்டது. அவன் கோபப்படவில்லை. நான் போட்ட ஜாயின்ட் எதுவும் ஒழுகினது இல்ல மாமா, என்றான். அவ்வளவுதான், வேறு தகுதி ஒன்றும் சொல்லவில்லை, படிப்பு சொல்லவில்லை, சொந்த வீடு சொல்லவில்லை, அது இல்லவும் இல்லை. அந்த ஒரு வரிக்குத்தான் இவள் காபியைக் கொண்டுபோய் வைத்தாள். தெருவே பிட்டரு பிட்டரு என்று சொன்னபோது இவள் மட்டும் உதட்டைக் கடித்து ஃபிட்டர் என்று திருத்தமாகச் சொல்லுவாள், ஃபிட், ஃபிட்டர், ஃபிட்டஸ்ட், சிஸ்டர் போர்டில் எழுதிய வரிசையில் நடுவில் இவன் உட்கார்ந்திருக்கிறான் என்று சிரித்துக்கொள்ளுவாள். நல்லா இருக்கிறதைவிட இன்னும் நல்லா இருக்கிறவன். அட, அதெல்லாம் போகட்டும், வார்த்தைதானே. வார்த்தையை விட்டால் இந்தக் கைக்கு என்ன மரியாதை, ஸ்பானர் பிடிக்காது, சோறு பிடிக்கவே பழகிக்கொண்டிருக்கிறது, எங்கே போய் நிற்பான், வாட்ச்மேன் வேலைக்குக்கூட கேட் திறக்க வலது கை கேட்பார்கள். கேஸ் நின்றால் ஒரு தையல் கடையோ, கீழ் போர்ஷனுக்கு மாறிக்கொள்வதோ, ஏதோ ஒன்று. நிற்காவிட்டால் என்ன என்பதை அவள் நினைப்பதில்லை, நினைவு அந்த வாசல்வரை போகும், கதவைத் தட்டாமல் திரும்பிவிடும்.

பியூன் அவன் பேரைச் சவரிமுத்து என்று கூப்பிட்டான். சவரிராஜ் என்று எமல்டா திருத்தினாள். பேரையாவது விட்டுவைக்கட்டும்.

உள்ளே ஏ.சி. இல்லை, ஏ.சி. போல ஒரு பெட்டி மட்டும் இருந்தது. அதிகாரிக்குத் தலைவலி என்பது நெற்றியில் பூசிய தைலத்தில் தெரிந்தது. பக்கத்தில் டைப் அடிக்கிற பெண். சுகந்தி இந்தப் பக்கம், கம்பெனி வக்கீல் அந்தப் பக்கம், பெரிய மனிதர், மெல்லிய குரல். கத்துகிற வக்கீலாக இருந்தால் சவரி முறைத்துக்கொண்டாவது நிற்பான், இந்தக் குரல் அண்ணாச்சி கடையில் என்ன வேணும் தம்பி என்று கேட்கிற குரல், எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்துவிடத் தோன்றும். எமல்டா பின்னால் சுவரோரம் நாற்காலியில். அவளுக்கு அவன் முதுகு மட்டும் தெரிந்தது, சட்டைக் காலரில் ஒரு நூல் பிரிந்திருந்தது, காலையில் எப்படிப் பார்க்காமல் விட்டேன்.

"என்ன வேலை பாத்துட்டிருந்தீங்க சவரிராஜ்?"

அவள் உதடு அசைந்தது. முதுகு அசையவில்லை. மின்விசிறி ஒரு சுற்று, இன்னொரு சுற்று, சொல்லுடா, சிஸ்டர், ஸ்கேல், சொல்லுங்க.

"ஹெல்பருங்க."

மூச்சு வந்தது. 'ங்க' வேறு சேர்த்திருக்கிறான், யார் சொல்லிக்கொடுத்தது, அவள் சொல்லிக்கொடுக்கவில்லை. அப்பாவிடம்கூட 'ங்க' போடாதவன். சுகந்தியின் பேனா கோடு இழுத்தது.

"எவ்ளோ காலமா ஹெல்பர்?"

"ஆரம்பத்துலேருந்துங்க."

"இத்தனை வருஷத்துல மேல வரவே இல்லையா? அதே ஹெல்பர்தானா?"

"அதே தாங்க."

நரை விழுந்த இந்த ஆள் வாழ்நாள் முழுக்க எடுபிடியா என்பது போல வக்கீல் அதிகாரியைப் பார்த்துச் சின்னதாகப் புன்னகைத்தார். அதிகாரி தைலத்தைத் தடவினார். எமல்டா அந்தக் காலர் நூலையே பார்த்தாள், நல்லதுதான், நல்லதுதானே, இப்படித்தானே சொல்லச் சொன்னாய்.

"ரெண்டு பிளேஞ்ச் சேர்க்கும்போது ஓட்டை நேரா இருக்கான்னு எப்படிப் பாக்கணும்? உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியாதுங்க."

"ஃபிட்டர் வேலையே தெரியாதா?"

"தெரியாதுங்க."

"சரி," என்றார் வக்கீல், அதே இதமான குரலில். "அப்ப ஃபிட்டர் யாரு? ஹெல்பர்னு ஒருத்தர் இருந்தா ஃபிட்டர்னு ஒருத்தர் இருந்தாகணும்ல? அன்னிக்கு நீங்க எந்த ஃபிட்டருக்கு ஹெல்பர்? அவர் பேரச் சொல்லுங்க. நாங்க அவரையே கூப்பிட்டு விசாரிச்சுக்கறோம்."

இது பாடத்தில் இல்லை. சுகந்தியின் பேனா நின்றது, நின்றதை எமல்டா பார்த்தாள், ஐயோ, இவளும் யோசிக்கவில்லை, இத்தனை படித்தவர்கள் யாருமே யோசிக்கவில்லை, ஹெல்பருக்கு ஒரு ஃபிட்டர் வேண்டுமே. பேர், ஏதாவது பேர், கிருபாகரன் என்று சொல், அவன் ஃபிட்டர் இல்லை என்று அவனே எழுந்து சொல்லிவிடுவான், அதோ பின்னால் உட்கார்ந்திருக்கிறான். ஊருக்குப் போய்விட்ட ஒடியாக்காரன் பேர், செத்துப்போன யாராவது பேர், யாரையாவது சொல். தொண்டை வரைக்கும் ஒரு பேர் வந்து நின்றது அவளுக்கு. சவரிராஜ், அவர்தாங்க அன்னிக்கு ஃபிட்டர், நல்ல ஃபிட்டர், அவர் போட்டது எதுவும் ஒழுகினது இல்லை, கூப்பிட்டு விசாரித்துக்கொள்ளுங்கள். வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். சவரி திரும்பிப் பார்க்கவில்லை. திரும்புவான் என்று நினைத்தாள். பதில் வராதபோது சிறுபிள்ளை போல அவளைத்தானே பார்ப்பான். அவன் குனிந்து, கைக்குட்டையை அவிழ்த்து, மடித்து, சட்டைப் பையில் வைத்தான். இத்தனை நாள் அவள் அவிழ்க்கச் சொன்னபோதெல்லாம் அவிழ்க்காதவன், ஒரு அவசரமும் இல்லாமல், வேலை முடிந்து கை துடைக்கிறவன் மாதிரி. அந்தக் கையை மேஜைமேல் எல்லோருக்கும் நடுவில் வைத்தான்.

"ஃபிட்டர்னு யாரும் இல்லைங்க."

"புரியல. சரியா சொல்லுங்க."

"அன்னிக்கு அந்த எடத்துல ஃபிட்டரே இல்லைங்க. ஃபிட்டர்னு ஒருத்தன் இருந்திருந்தா எனக்கு இப்டி ஆயிருக்காது."

கம்பெனி வக்கீல், சார், இது கேள்விக்குப் பதில் இல்லை என்று ஏதோ ஆரம்பித்தார். நீங்கதானே கேட்டீங்க, என்றார் அதிகாரி, முதன்முறையாகத் தலைவலியை மறந்து நிமிர்ந்து. ஃபிட்டர் இல்லாம ஹெல்பர வெச்சா பைப் மாட்டுனாங்க? சுகந்தியின் பேனா ஓடியது, அடிக்கோடு போட்டது, இன்னொரு அடிக்கோடு. எமல்டாவுக்கும் தெரிந்தது, சட்டம் தெரியாவிட்டாலும் அறையில் காற்று திரும்பியது தெரிந்தது, பின்னால் கிருபாகரன் நாற்காலி கிறீச்சிட்டது, ஜெயித்தாகிவிட்டது, இதைவிட நல்ல பதிலை எந்த வக்கீலும் எழுதிக் கொடுத்திருக்க முடியாது. அதிகாரி இங்கிலீஷில் சொல்லச் சொல்ல அந்தப் பெண் தட்டினாள். தட்டி முடித்துத் தாளை உருவினாள். சாட்சிக்குப் படித்துக் காட்ட வேண்டும், அப்புறம் கையெழுத்து. டைப் பெண் கடகடவென்று இங்கிலீஷில் படிக்க ஆரம்பித்தாள், சவரி தலையாட்டினான், எதற்கு ஆட்டுகிறோம் என்று தெரியாமல் ஆட்டினான்.

"அவருக்குப் புரியலம்மா," என்றார் அதிகாரி. "தமிழ்ல சொல்லுங்க யாராவது. அவரோட வக்கீல் வேணாம், அப்புறம் இந்தக் கம்பெனி வக்கீல் ஒத்துக்க மாட்டார்."

"அவர் மனைவி கான்வென்ட்ல படிச்சவங்க சார்," என்றாள் சுகந்தி, முகமெல்லாம் சந்தோஷம்.

"அப்ப வாங்கம்மா. உள்ளது உள்ளபடி படிங்க."

எமல்டா மேஜைக்குப் போனாள். தாள் சூடாக இருந்தது. எதிரே சவரி, அவ்வளவு கிட்டத்தில், கேட்கத் தயாராக, பள்ளிக்கூடப் பிள்ளை போல. அவன் கை மேஜைமேல் அப்படியே இருந்தது. குரலைச் சரிசெய்துகொண்டாள். நான் ஹெல்பராக வேலை செய்தேன். ஆரம்பத்திலிருந்தே ஹெல்பர். பதவி உயர்வு எதுவும் கிடையாது. ஃபிட்டர் வேலை எனக்கு... இங்கிலீஷில் சின்ன வாக்கியம், மூன்றாம் வகுப்புப் பிள்ளை மொழிபெயர்த்துவிடும்.

"என்னம்மா?" என்றார் அதிகாரி.

"ஃபிட்டர் வேலை எனக்குத் தெரியாது," என்றாள்.

"தெரியாதுங்க," என்று திருத்தினான் சவரி. "நான் மரியாதையாத்தான் சொன்னேன்."

அதிகாரி சிரித்தார், டைப் பெண் சிரித்தாள், கம்பெனி வக்கீலும் பெரிய மனதோடு சிரித்தார். சவரியும் சிரித்தான். அவள் விரலை வைத்து அடுத்த வரியைக் கண்டுபிடித்தாள், எழுத்து மங்கலாக இருந்தது, ஆனாலும் பிழையில்லாமல் படித்தாள், அந்த இடத்தில் ஃபிட்டர் என்று எவரும் இல்லை.